மலை கட்டிய கல்லூரிக் கட்டணம்

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"ஊரைப் பத்தி ஏதாவது பேசுங்க சார்" என்று செயலாளர் சொன்னார். எந்த ஊரைப் பற்றி என்று கேட்டேன். "உங்க ஊருதான் சார், மலை, காடு, அணையெல்லாம் இருக்கே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1973-இல் இந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது மூன்று வருடமும் நான் என் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொன்னதே கிடையாது. யாராவது கேட்டால் "கள்ளக்குறிச்சி பக்கம்" என்பேன். பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று விடாமல் கேட்பவர்களிடம் மட்டும் கச்சிராயபாளையம் என்பேன். "பேரே ஒரு முழம் இருக்கே, ஊரு எத்தனை முழம்டா?" என்று கேட்ட நண்பர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐம்பது வருடம் கழித்து அவருக்கு இன்று பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையின் கிழக்கு அடிவாரம். நான் படித்த காலத்தில் தென்னாற்காடு மாவட்டம். மாவட்டத் தலைநகர் கடலூர். கலெக்டர் ஆபீசில் ஒரு காரியம் என்றால் மலையை விட்டுக் கடல் வரைக்கும் போகணும். 1993-இல் விழுப்புரம் மாவட்டம் ஆனோம். 2019 நவம்பர் 26-ஆம் தேதி கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமாக வந்தது. ஊர் நகரவில்லை. தலைநகரம்தான் எங்களை நோக்கி மெல்ல மெல்ல நடந்து வந்தது.

பெயருக்கு வருகிறேன். கச்சி என்றால் காஞ்சிபுரம் என்று தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். கச்சிராயர் என்பது எங்கள் பக்கத்துக் குறுநிலத் தலைவர்கள் சூடிய பட்டம். விருத்தாசலம் பக்கம் முகாசா பரூர் ஜமீனுக்கும் அந்தப் பட்டம் உண்டு. பாளையம் என்றால் படை தங்கிய இடம். ஆக, எங்கள் ஊர்ப் பெயரிலேயே காஞ்சிபுரம் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. மலை மேலே இருக்கிறார்களே மலையாளிகள், கேரளத்து மலையாளி அல்ல, மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் மலையாளிகள், அவர்களும் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றுதான் கதை சொல்வார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்கள் என்பது கதை. யார் எந்த மலை என்பதில் ஒவ்வொரு மலையிலும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். கீழே இருக்கிற நாங்களும் காஞ்சி, மேலே இருக்கிற அவர்களும் காஞ்சி. சொந்தக்காரர்கள் மாதிரி இருந்திருக்கலாம். எப்படி இருந்தோம் என்பதைச் சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

முதலில் மலையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். சேர்வராயன், ஜவ்வாது, கொல்லிமலை, பச்சைமலை போலக் கல்வராயனும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. மொத்தம் சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். வடக்கே சின்னக் கல்வராயன், சராசரியாக 2,700 அடி. தெற்கே பெரிய கல்வராயன், சராசரி 4,000 அடி. அடிவாரத்தில் முள்ளுக் காடு. காரை, சூரை, களா. கொஞ்சம் ஏறினால் இலையுதிர் காடு. வேனிலில் சருகு மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். இன்னும் மேலே மடிப்புகளில் சோலை. பங்குனி, சித்திரை இரவுகளில் மலை மேல் காட்டுத் தீ எரியும். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் யாரோ மலைக்கு அட்டிகை போட்ட மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைகள் நாங்கள் அழகு என்று பார்த்துக்கொண்டிருப்போம். அங்கே ஆள் குடியிருக்கிறார்கள் என்ற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை.

எங்கள் ஊரில் எதைத் தொட்டாலும் அது மலையிலிருந்து இறங்கி வந்ததுதான். முதலில் தண்ணீர். ஊரை விட்டு மேற்கே போனால் கோமுகி அணை. 1960-களின் நடுவில் கட்டி முடித்தார்கள். கரைக்கு மண் கொட்டியதை அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து பார்த்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. அணையின் முழு உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. பாதுகாப்புக்காக 44 அடியோடு நிறுத்திக்கொள்வார்கள். பொட்டியம், கல்படை, பரங்கிநத்தம், மல்லிகைப்பாடி என்று மலையிலிருந்து இறங்குகிற ஓடைகள்தான் இதை நிரப்புகின்றன. ஆற்றுப் பாசனத்தில் 5,860 ஏக்கர், பிரதான கால்வாயில் 5,000 ஏக்கர். வடக்கனந்தல், மாதவச்சேரி, சோமண்டார்குடி என்று கீழே போகப் போகப் பச்சை. நெல், கரும்பு, மரவள்ளி. நான் சிறுவனாக இருந்தபோது கரும்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும். பிறகு எங்கள் ஊரிலேயே கள்ளக்குறிச்சி இரண்டாவது கூட்டுறவு சர்க்கரை ஆலை வந்தது. அரவைக் காலத்தில் ஊரே பாகு வாசம் அடிக்கும். கோமுகியும் அதன் அண்டை ஆறான மணிமுத்தாறும் வெள்ளாற்றுக் குடும்பம். எங்கள் மலையில் பெய்கிற மழை கடைசியில் பரங்கிப்பேட்டையில் கடலைப் பார்க்கிறது.

இப்படி வரிசையாகச் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் பிறக்கிற இடத்தில் விவசாயம் பெரும்பாலும் மானாவாரி. மழை பெய்தால் சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி. பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. மேலே பெய்த மழை கீழே வந்து எங்களுக்குக் கரும்பு ஆயிற்று.

இரண்டாவது, சரக்கு. இங்கேதான் என் வீட்டுக் கதை வருகிறது.

என் அப்பா கச்சிராயபாளையத்தில் மண்டிக் கடை வைத்திருந்தார். பெரிய கடை ஒன்றுமில்லை. ஒரு தராசு, நாலு மூட்டை அடுக்கும் இடம், கல்லாப் பெட்டி, திண்ணை. சந்தை நாளில் விடியற்காலையே மலைக்காரர்கள் இறங்கிவிடுவார்கள். இப்போது இருக்கிற மாதிரி வெள்ளிமலைக்குத் தார் ரோடும் பஸ்ஸும் அப்போது கிடையாது. ஒற்றையடிப் பாதை. ராத்திரியே புறப்பட்டு, கரடிக்குப் பயந்து கூட்டமாக, கையில் பந்தம் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஆணும் பெண்ணும் தலைச்சுமைதான். புளி, கடுக்காய், தேன், மெழுகு, சாமை.

கடுக்காயைப் பற்றி இளைய தலைமுறைக்கு ஒரு வார்த்தை. பாட்டி வைத்தியத்துக்கு மட்டும் ஆன சாமான் இல்லை அது. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் ஷாப்புகளுக்கு இங்கிருந்து மூட்டை மூட்டையாகப் போகும். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறிச் சீமைக்கே போன சரக்கு. பிறகு குரோமிய ரசாயனத்தில் தோல் பதனிடும் முறை பரவியதும் மவுசு குறைந்தது. பழைய காரை வீடு கட்டுகிறவர்களும் சுண்ணாம்பில் வெல்லத்தையும் கடுக்காய்த் தண்ணீரையும் சேர்ப்பார்கள். கல்வராயன் கடுக்காய்க்கு அப்போதே நல்ல பேர் உண்டு.

எங்கள் கடையில் தராசு ஒன்று, எடைக்கல் இரண்டு வரிசை. ஒன்று வாங்குற கல்லு, இன்னொன்று விக்கிற கல்லு. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். மலைச் சரக்கை வாங்கும்போது ஒரு வரிசை, உப்பும் அரிசியும் விற்கும்போது இன்னொரு வரிசை. அப்பா கெட்ட மனிதர் இல்லை. கோயிலுக்குக் கொடுப்பார், ராப்பிச்சைக்காரனுக்குச் சோறு போடாமல் படுக்கமாட்டார். ஆனால் இந்த இரண்டு வரிசைக் கல்லை அவர் தப்பு என்றே நினைத்ததில்லை. அவருடைய அப்பா அப்படித்தான் செய்தார், பக்கத்துக் கடையும் அப்படித்தான். தொழில் என்றால் அதுதான் என்று இருந்தார்.

எனக்கு ஒரு பன்னிரண்டு வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் கிலோ, கிராம் எல்லாம் படித்து முடித்த கர்வம். சந்தை நாளில் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மலைக்காரப் பெரியவர் புளி கொண்டுவந்திருந்தார். அப்பா கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார். நான் பெரிய புத்திசாலி மாதிரி, "அப்பா, அந்தக் கல்லு இல்லப்பா, இதோ இந்தக் கல்லுதான் சரி" என்று விக்கிற கல்லை எடுத்து நீட்டினேன். கடையில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அடுத்த நிமிடம் கன்னத்தில் பளார் என்று விழுந்தது. "உள்ள போடா" என்றார் அப்பா. அவருக்கும் முகம் சிவந்துவிட்டது.

நான் கொல்லைப்பக்கம் போய்ப் புளியமரத்தடியில் அழுதுகொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெரியவர் அந்தப் பக்கமாக வந்தார். சுமை இறக்கிய சும்மாட்டுத் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "அழுவாத தம்பி. எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் குடுக்குறீங்க?" என்று கேட்டேன்.

"வேற எங்க போறது? பக்கத்துக் கடையிலயும் இதே கல்லுதான். பொழுது சாயறதுக்குள்ள உப்பு வாங்கிக்கிட்டு மலை ஏறணும். ஒங்கப்பாரு கடனாவாவது குடுக்குறாரு, மத்தவங்க அதுவும் இல்ல" என்றார். போகும்போது மடியிலிருந்து இரண்டு களாப்பழம் எடுத்துக் கையில் வைத்துவிட்டுப் போனார். அவர் பேர் என்ன, எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்கணும் என்று தோன்றவே இல்லை. எங்களுக்கு அவர்கள் எல்லோரும் "மலைக்காரங்க". அவ்வளவுதான்.

1973-இல் எனக்கு இங்கே இடம் கிடைத்தது. கல்லூரிக் கட்டணம், விடுதி முன்பணம், இரண்டு செட் துணி, ஒரு டிரங்குப் பெட்டி. அந்த வருடம் புளிக்கு நல்ல விலை. அப்பா கையிருப்பில் இருந்த புளியையும் கடுக்காயையும் லாரியில் ஏற்றிவிட்டு, வந்த பணத்தை எண்ணி என் கையில் கொடுத்து, "படிச்சு ஆபீசராகி வா. இந்தக் கல்லாப் பெட்டி உனக்கு வேணாம்" என்றார். பெருமையாக வாங்கிக்கொண்டேன். ரயில் ஏறச் சின்னசேலம் வரை அம்மாவும் வந்தார்கள்.

நண்பர்களே, நான் பின்னாளில் வங்கி அலுவலர் ஆனேன். கணக்குப் போடுவதே பிழைப்பு. ஒரு ராத்திரி, வெளியூர்க் கிளை ஒன்றில் தனியாக இருந்தபோது, இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கிலோவுக்கு நூறு கிராம் கல் வித்தியாசம் என்று வையுங்கள். ஐந்து டன் லாரி ஒன்றில் அரை டன். அரை டன் புளியின் விலை அன்றைக்கு என்னவோ, கிட்டத்தட்ட அதுதான் என் விடுதிச் செலவு. என் கட்டணத்தைக் கட்டியது அப்பா என்று அதுவரை நினைத்திருந்தேன். கட்டியவர்கள் ராத்திரியெல்லாம் பந்தம் பிடித்து நடந்து வந்தவர்கள். அவர்கள் பெயர் எந்த ரசீதிலும் இல்லை.

மூன்றாவது, மலையில் நடந்த ஆட்சி. இது நம் வரலாற்றுத் துறை மாணவர்கள் ஆராய வேண்டிய விஷயம். நாடு 1947-இல் விடுதலை அடைந்தது. 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கல்வராயன் மலையிலோ சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற பெயர்களில் ஜாகிர்கள் அதற்குப் பிறகும் நீடித்தன. அந்த ஜாகிர்கள் கிருஷ்ணதேவராயர் காலத்து மானியம் என்பது வழிவழியாக வரும் பேச்சு. நிலத்தை அளந்து வரி போடும் வழக்கம் அங்கே இல்லை, ஏர் எத்தனை, மண்வெட்டி எத்தனை என்று எண்ணி வரி கட்டினோம் என்று சந்தைக்கு வந்த பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில்தான் ஜாகிர் ஆட்சி முடிந்து மலை நேரடியாக அரசின் கைக்கு வந்தது.

அந்த வருடம்தான் நான் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு ஊருக்குத் திரும்பினேன். சந்தையில் ஒரே பேச்சு. "ஜாகிரு போச்சாம்பா. இனிமே யாருக்குக் கட்டுறது?" என்று ஒருவர் கேட்டார். "யாருக்கும் கட்ட வேணாமாம்" என்றார் இன்னொருவர். "அப்ப நெலம் யாருது?" என்று ஒரு அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்குச் சந்தையில் யாரும் பதில் சொல்லவில்லை. டிகிரி முடித்த எனக்கும் பதில் தெரியவில்லை.

அந்த அம்மாவின் கேள்வி எவ்வளவு பெரியது என்று வங்கிக்குப் போன பிறகுதான் புரிந்தது. விவசாயக் கடன் படிவத்தில் முதலில் கேட்பது பட்டா, சிட்டா, அடங்கல். தலைமுறை தலைமுறையாக உழுதவனிடம் காகிதம் இல்லை. காகிதம் இல்லாதவனுக்கு வங்கி இல்லை. வங்கி இல்லாதவன் மறுபடியும் மண்டிக் கடைக்குத்தான் வருவான். அங்கே என்ன கல் இருக்கும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். காட்டை நம்பி வாழ்கிறவர்களின் உரிமையை ஒப்புக்கொள்கிற வன உரிமைச் சட்டம் 2006-இல்தான் வந்தது. ஜாகிர் ஒழிந்து முப்பது வருடம் கழித்து.

நல்லதும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு கள்ள எடைதான். ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. மலைச்சாலை வந்தது. வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு என்று அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன. பஸ் வந்தது. இப்போது வெள்ளிமலை ஒரு வட்டத் தலைநகரம். அங்கேயே தாசில்தார் இருக்கிறார். கோடை விழா நடக்கிறது. மேகம், பெரியார் நீர்வீழ்ச்சிகளைப் பார்க்கச் சனி ஞாயிறுகளில் கார்கள் எங்கள் ஊர் வழியாக வரிசையாகப் போகின்றன. கிலோ கல்லுக்கு முத்திரை வந்தது, பிறகு மின்னணுத் தராசு வந்தது. இரண்டு வரிசைக் கல் எங்கள் தெருவில் இன்று இல்லை.

ஆனால் வேறு விதமான கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மலையில் வேலை இல்லாத மாதங்களில் குடும்பம் குடும்பமாகக் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் போகிறார்கள். பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கிறது. செம்மரம் வெட்டக் கூலிக்கு ஆள் பிடிக்கிறவர்கள் வடதமிழ்நாட்டு மலைகளுக்கெல்லாம் வருகிறார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அவர்களில் பலர் ஜவ்வாது மலைப் பக்கத்து ஏழைகள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் மலையிலும் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அடிவாரத்தில் இருக்கிற எங்களுக்குத் தெரியும்.

சாராயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்வராயன் மலை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஊறல் போட்டது உண்டு, லாரி டியூப்பில் கட்டிக் கீழே இறக்கியது உண்டு. மறைக்கவில்லை. ஆனால் ஊறலுக்கு வேண்டிய வெல்லம் மலையில் விளையவில்லை. எங்கள் ஊர்க் கடைகளிலிருந்துதான் மேலே போனது. எங்கள் கடையிலிருந்தும் போனது. ஒரு குடும்பத்துக்கு இத்தனை மூட்டை வெல்லம் எதற்கு என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. லாபம் கீழே, கேஸ் மேலே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்களே, அவர்களைக் கொன்றது மெத்தனால். அது ஆலையில் செய்கிற ரசாயனம். எந்த மலையிலும் காய்க்காத சரக்கு. இருந்தும், அந்த வாரம் டீக்கடையில் பேப்பர் படித்தவர்கள் எல்லாரும் மலையைத்தான் திட்டினார்கள். அடுத்த மாதம், ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றி வழக்கு எடுத்துக்கொண்டது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று நீதிபதிகள் கேள்வி கேட்டார்கள். 1976-இல் சந்தையில் அந்த அம்மா கேட்ட கேள்வியின் தொடர்ச்சியாகத்தான் எனக்கு அது பட்டது.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கேட்காமல் உட்கார்ந்தால் இவ்வளவு நேரம் பேசியது வெறும் கதையாகப் போய்விடும்.

நம் சங்கம் வருடா வருடம் ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. நானும் கொடுத்து வருகிறேன். போன வருடம் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள். மலையிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் விண்ணப்பம் தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. காரணம், சாதிச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. மலையாளிகள் நம் மாவட்டத்தில் பட்டியல் பழங்குடியினர். ஆனால் அந்தச் சான்றிதழை வாங்குவதற்குள் எத்தனை நடை, எத்தனை விசாரணை என்பது வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். "முழுமையற்ற விண்ணப்பம்" என்று மேலே பென்சிலில் எழுதியிருந்தது. எழுதியது வேறு யாரும் இல்லை, நான்தான். முப்பத்தைந்து வருட வங்கிப் பழக்கம். காகிதம் இல்லையென்றால் தள்ளி வை.

எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிடும்போதுதான் உறைத்தது. அப்பாவிடம் இரண்டு வரிசைக் கல் இருந்தது. என்னிடமும் இருக்கிறது. நமக்கு ஒரு கல், மலைக்காரப் பிள்ளைக்கு ஒரு கல். இதில் இன்னொரு கொடுமை, அப்பாவை நான் மனதுக்குள் எத்தனையோ வருடம் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டேன். "சார், லீவு போட்டு நாலு தடவை போயிட்டேன் சார். அடுத்த வாரம் வாங்கன்னே சொல்றாங்க" என்றான். நானும் அவனோடு போனேன். சண்டை போடவில்லை, சிபாரிசு பிடிக்கவில்லை. கூட ஒரு நரைத்த தலை உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். மூன்றாவது நடையில் காரியம் முடிந்தது. வெளியே டீ குடிக்கும்போது, "உங்க ஊரு எது சார்?" என்று கேட்டான். "கச்சிராயபாளையம்" என்று முழுசாகச் சொன்னேன். "எங்க தாத்தா அங்கதான் சார் சந்தைக்கு வருவாரு" என்றான். என்னால் அந்த டீயை மேற்கொண்டு குடிக்க முடியவில்லை. இந்தத் தடவை மட்டும் நான் தாத்தா பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை இங்கே சொல்வது முறையில்லை. என் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகவே, சங்கத்தின் முன் என் கோரிக்கை மூன்று. மலையிலிருந்து வரும் விண்ணப்பங்களைச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. நம்மில் ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். பெஞ்சில் உட்காரத் தெம்பு இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையோடு அலுவலகத்துக்குப் போய் வருவோம். இரண்டாவது, உதவித்தொகையைக் கல்லூரி திறக்கும்போதே கொடுக்க வேண்டும். ஆண்டு விழாவில் மேடையேற்றிப் போட்டோ எடுத்துக் கொடுப்பதற்குள் அந்தப் பிள்ளை காப்பித் தோட்டத்துக்குப் போயிருப்பான். மூன்றாவது, நம் மாணவர்கள் மலைக்குச் சுற்றுலா போகிறார்கள். நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் இறங்கி, பிளஸ் டூ பிள்ளைகளிடம் எந்தக் கல்லூரியில் எப்படிச் சேர்வது என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். அதற்கு ஆகும் பஸ் செலவை நான் ஏற்கிறேன்.

இங்கே மலையிலிருந்து வந்து படிக்கிற தம்பி தங்கைகள் இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்ப் பெயரைக் கேட்டால் "கள்ளக்குறிச்சி பக்கம்" என்று சொல்லாதீர்கள். சேராப்பட்டு, தொரடிப்பட்டு, கிளாக்காடு என்று முழுசாகச் சொல்லுங்கள். நான் மூன்று வருடம் மறைத்து ஒன்றும் சம்பாதிக்கவில்லை. இந்தக் கட்டடத்தில் யாரிடமும் நீங்கள் கடன்பட்டு உட்கார்ந்திருக்கவில்லை. என்னைப் போன்றவர்களின் கட்டணத்தை உங்கள் தாத்தாக்கள் எப்போதோ கட்டிவிட்டார்கள்.

அப்பா இறந்த பிறகு கடையைக் காலி பண்ணினோம். தராசை இரும்புக் கடைக்குப் போட்டோம். வாங்குற கல்லில் ஒன்றை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது என் மேஜையில் சங்கத்து விண்ணப்பங்களின் மேல் அதுதான் இருக்கிறது. காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்தது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எடுக்கும்போது முதலில் அதைத்தான் தூக்க வேண்டியிருக்கிறது.

முன்வரிசை நண்பரே, எங்கள் ஊர் எத்தனை முழம் என்று கேட்டீர்கள். அடுத்த ஆடி மாதம் வாருங்கள். அணைக் கரையில் நின்று சேர்ந்தே அளந்து பார்ப்போம்.